ஜனவரியில் மரக்கன்று வேண்டாம், அம்மா

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு அழைத்து வந்து, எங்கள் ஊர்ச் சோலையின் (மலை மடிப்பில் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காட்டின்) ஓரத்தில் மரக்கன்றுகள் நட விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். மாணவர்கள் அவசியம் வரட்டும். கன்றுகள் மட்டும் வேண்டாம். இதே எண்ணத்தோடு வேறு பலரும் கேட்பதால், உங்களுக்கான பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனிக் காலம். மேகமில்லாத இரவுகளில் தரையின் சூடு வெளியேறிவிட, குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும். சோலைக்குள் அடர்ந்த மரக்கூரை அந்தச் சூட்டை ஓரளவு பிடித்து வைப்பதால், நாவல், காட்டுச் செண்பகம் போன்றவற்றின் இளங்கன்றுகள் அங்கே தப்பிவிடுகின்றன. அதே கன்றைச் சற்றுத் தள்ளித் திறந்த வெளியில் வைத்தால், ஒரே இரவில் அதன் இலைகள் வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்கிவிடும். சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவாமல் மலை மடிப்புகளிலேயே நிற்பதற்கு இந்த உறைபனியும் ஒரு முக்கியக் காரணம். பனியையும் தீயையும் தாங்கிப் புல்வெளியில் தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு ஓர் அரிய விதிவிலக்கு. அது சிவக்கச் சிவக்கப் பூக்கும் பருவமும் இதுதான் என்பதால் மாணவர்கள் அதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் எங்கள் பெரிய வேலை, பிடுங்குவது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் (ஆங்கிலத்தில் வாட்டில்), தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் பெருமளவில் வளர்க்கப்பட்டு, புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் பிடித்துக்கொண்டது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, தாய்மரத்தை வெட்டியதும் வெளிச்சம் கண்டு கூட்டமாக முளைக்கும். ஆகவே, வெட்டிவிட்டுப் போவதால் பயனில்லை. ஆண்டுதோறும் திரும்பி வந்து நாற்றுகளை அகற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும்போது அவை எளிதில் வந்துவிடும். நுனியைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். தரையை ஒட்டிப் பிடித்து, மெல்ல ஆட்டி, நேராக மேலே இழுக்க வேண்டும். சிறு முடிச்சுகள் ஒட்டிய வேர் முழுதாக வெளிவந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த நாற்றுக்குப் போகலாம். அதற்கு முன், இலைகளை அடையாளம் காண மாணவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவோம். பத்துச் சீகை தப்பினாலும் பரவாயில்லை, ஒரு செண்பகக் கன்றைக்கூடத் தவறிப் பிடுங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பனியில் காய்ந்த புல் பிப்ரவரியில் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். தீயின் சூடு சீகை விதையின் கடினமான தோலை வெடிக்க வைத்து முளைக்கவும் செய்யும் என்பதால், ஓரத்துப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது இரட்டிப்பு அவசியம். நாற்றங்காலிலும் ஆள் வேண்டும்: மாலையில் கன்றுகளை மிலார் (இலையுள்ள சிறு கிளைகள்) கொண்டு மூடி, வெயில் ஏறிய பின் திறக்க வேண்டும். நீங்கள் நட விரும்பும் கன்றுகள் அங்கேதான் வளர்கின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு நட்டால், பனி வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

இத்தனை பாடும் தண்ணீருக்காகத்தான். கோத்தகிரியை அடுத்த, சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது; உள்ளூர் மக்கள் நெடுங்காலம் கண்காணித்துக் காத்துவரும் அந்தச் சோலையின் நீரைக் கீழேயுள்ள பல ஊர்கள் குடிக்கின்றன. எங்கள் சோலை அதைவிட மிகச் சிறியது என்றாலும், கோடையிலும் வற்றாத எங்கள் ஓடை அதற்குள்ளிருந்துதான் வருகிறது.

வனத்துறையிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருப்பதால், வருபவர்களின் பட்டியலை விரைவில் அனுப்புங்கள். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கால் மிதியிலேயே இளங்கன்றுகள் அழிந்துவிடும். காட்டெருமைகள் அதிகாலையில் ஓரத்தில் மேயும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் தொடங்கலாம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவர்களே கொண்டு வரட்டும். மதிய உணவை எங்கள் ஊரார் பார்த்துக்கொள்வார்கள். ஜூன் மாதத்திற்கும் ஒரு தேதியை இப்போதே குறித்துச் சொல்லுங்கள், அம்மா.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு சோலைத் தன்னார்வலர்