‘அப்பா எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாயோ தந்தையோ தனித்து வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கொப்பி, சப்பாத்து, உலருணவுப் பொதி என்றே நம்மவர் நினைவு ஓடுகிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்து, காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கியவள் நான். ஆனால் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படிப்பிக்கும் எனக்கு, இப்பிள்ளைகளின் மனத் தவிப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற கவலை நெடுநாளாக உண்டு.

இலங்கை மலையகத்தில் இத்தகைய குடும்பங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்கென்று போன கணவன் வேறு குடித்தனம் அமைத்துக்கொண்டதால் தனித்துப்போனவர்கள் இருக்கிறார்கள். மனைவி மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டு வேலை செய்ய, இங்கே பிள்ளைகளோடு தனியாக நிற்கும் தந்தையரும் கணிசமாக இருக்கிறார்கள். இவர்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பதிவேட்டில் பெற்றோர் இருவர், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒருவர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஏழாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாய் வெளிநாட்டில். இரட்டைப் பின்னல் நாளுக்கொரு மாதிரி கோணிக்கொண்டு, ஒன்று காதுக்கு மேலும் மற்றது பிடரியிலுமாக வருவாள். ஒழுங்காகப் பின்னிக்கொண்டு வரத் தெரியாதா என்று வகுப்பின் முன்னால் நானே கடிந்திருக்கிறேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து விடிகாலையில் வரும் தந்தை, தூங்கப் போகுமுன் அவளை வாசற்படியில் உட்கார வைத்துப் பின்னிவிடுகிறார் என்பதும், ‘பொம்பளை வேலை பார்க்கிறான்’ என்று அடுத்த காம்பராக்காரர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே அதைச் செய்கிறார் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன. அன்று அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல்தான் பேசாமல் நின்றாள் என்பதை இப்போது உணர்கிறேன்.

இப்பிள்ளைகளை அதிகம் வருத்துவது, பிரிந்தவரைப் பற்றிப் பேச முடியாதிருப்பதே என்பது என் அனுபவம். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள், அல்லது தீபாவளிக்கு வருவார் என்று பொய் சொல்கிறார்கள். பதில் கிடைக்காத பிள்ளை தானாகவே ஒரு பதிலைத் தேடிக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டடையும் பதில், ‘நான் குழப்படி செய்ததால்தான் போய்விட்டார்’ என்பதாகவே இருக்கிறது. இதற்குமேல், சிறு தவறு செய்தாலும் ‘அப்படியே அப்பன் புத்தி’ என்று பாட்டியும் அத்தையும், ஏன், களைத்துப்போன தாயும்கூடச் சொல்லிவிடுகிறார்கள். திட்டப்படுவது தகப்பன்தான், ஆனால் தன் இரத்தத்திலேயே ஏதோ கேடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வளர்வது பிள்ளை. கணவன்மீது மனைவிக்குள்ள கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அதைச் சுமக்கும் வயது பிள்ளைக்கு இல்லை.

தாய்மாரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகோடு வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறவளுக்கு, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச எத்தனை நிமிடம் மிஞ்சும்? அவளுக்கே மனம்விட்டுப் பேச ஆள் இல்லாததால், கடன் தொல்லையையும் மாமியார் சண்டையையும் பத்து வயதான மூத்த மகளிடம் கொட்டுகிறாள். தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுச் சோறும் வடித்துவைக்கும் அந்தச் சிறுமியை ‘பெரிய மனுஷி மாதிரி’ என்று நாம் எல்லோரும் மெச்சுகிறோம். அந்த மெச்சலைக் கேட்டுப் பழகியவள், தனக்கு அழுகை வந்தாலும் அழுவதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணம் கோரலாம். வெளிநாடு செல்லும் தாய்மாருக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. தாய் வெளிநாடு போவதற்குக் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து என்றிருந்த குறைந்தபட்ச வயது 2022இல் இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று தாய் புறப்படுமுன் கேட்கிறார்கள். அவள் விமானம் ஏறிய பின் பிள்ளையிடம் வந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்பைப் பேணும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று கூறும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது.

பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள், தாய் வெளிநாடு சென்ற வீடுகளுக்குத் தவணைக்கு ஒரு தடவையாவது போய்ப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு அந்த வேலைக்கென்றே நேரசூசியில் பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். பெயரளவில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வராத ஆசிரியரின் வகுப்புக்கெல்லாம் அவரையே அனுப்புவது நிற்க வேண்டும். துன்புறுத்தல் நடந்தால் அழைக்க வேண்டிய 1929 என்ற இலக்கத்தை நம் பிள்ளைகள் பலர் அறிவார்கள். வெறுமனே மனம் பாரமாக இருக்கிற பிள்ளைக்குப் பேசுவதற்கு அருகில் ஒருவர் வேண்டும்.

என் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்பதற்குப் பதிலாக ‘வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைத்தால், தனித்து உழைக்கும் தாய்க்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும். அதனால் அவள் வருவதில்லை, வராத தாயின் பிள்ளை அன்று முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும்படி எங்கள் அதிபரிடம் கேட்டிருக்கிறேன். மற்றப் பாடசாலைகளிலும் யாராவது கேட்பார்களானால் நன்றியுடையவளாவேன்.

இவ்வண்ணம்,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.