கையைத் தூக்கச் சொன்ன வகுப்பும் எங்கள் கருப்பட்டியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு வியாபாரிகள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தி முன்னேறலாம் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த முன்னேற்றத்தைக் கற்றுத் தருகிறோம் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி விற்கிறேன். மாமனார் பனையேறி. இப்போது ஏறுவது என் கணவரின் அண்ணன். விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சுவது நானும் மூத்த அக்காவும். எங்கள் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மண்டிக்கு மொத்தமாகப் போடுவதைக் குறைத்துக்கொண்டு நேராக விற்றுப் பார்ப்போமே என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, திருநெல்வேலியில் ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு என்று போனில் விளம்பரம் வந்தது. கட்டணம் 4,999 ரூபாய். எங்கள் கணக்கில் பன்னிரண்டு கிலோ கருப்பட்டி. போனேன். முதல் நாள் முழுக்க எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கையைத் தூக்கி, "நான் ஜெயிப்பேன்" என்று கத்த வைத்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம்தான் வியாபாரப் பேச்சே வந்தது. ஒரு நாளைக்கு மூன்று வீடியோ போடு, ஓடுகிற பாட்டுக்கு ஆடு, சரக்கு இல்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. சாயங்காலம் அடுத்த கட்ட வகுப்புக்கு 25,000 ரூபாய் கேட்டார்கள். கட்டாதவர்களுக்குத் தன்னம்பிக்கை போதாதாம்.

அவர்கள் சொன்னபடி இன்ஸ்டாகிராமில் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 3,540. ஊர் எது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டதால் இந்தியா முழுக்கப் போயிருக்கிறது. நாற்பதாயிரம் பேர் பார்த்ததாகக் காட்டியது. வந்த ஆர்டர் இரண்டு. அசாமிலிருந்து ஒருவர், இது சோப்பா என்று கேட்டிருந்தார். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியைப் பார்த்தால் பாவம் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். மதுரை, கோவை, சென்னை என்று மூன்று ஊரை மட்டும் குறித்துப் போட வேண்டும் என்பதைப் பிறகு என் மகன்தான் காட்டினான். அதை அந்த இரண்டு நாளில் ஒருவரும் சொல்லவில்லை.

வியாபாரத்தைத் தூக்கிவிட்டது ஒரு நாற்பது விநாடி வீடியோ. பாட்டு கிடையாது. வட்டையில் பதநீர் பொங்கி வரும்போது மூத்த அக்கா நாலு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறார். நுரை அப்படியே அடங்குகிறது. அவ்வளவுதான். "அது என்ன விதை?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். இரண்டு நாளில் பதினோரு ஆர்டர்.

அதே வீடியோவின் கீழ் ஒருவர், "சீனி எவ்வளவு கலக்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமாக ஏதோ எழுதி, அப்புறம் அழித்தேன். யோசித்தால் அவர் கேட்டதும் நியாயம்தான். சீனி கலந்த கருப்பட்டிதான் கடை கடையாகக் கிடக்கிறது. மறுநாள் ஒரு கருப்பட்டியை உடைத்து, உள்ளே சீனியின் மினுமினுப்பு இல்லாததைக் காட்டி, முதல் தடவையாக என் முகம் தெரியப் பேசினேன். குரல் நடுங்கியது. கேட்டவர் இப்போது மாதம் இரண்டு கிலோ வாங்குகிறார். ஆளுமை வளர்ச்சி என்று வகுப்பில் சொன்னார்களே, எனக்கு நடந்தது இதுதான். கை தூக்கி வந்ததல்ல.

சரக்கு இல்லையென்றால் இல்லை என்றே சொல்கிறேன். ஐப்பசி மழையில் கருப்பட்டி கசியும், கூரியரில் போனால் பிசுபிசுவென்று போய்ச் சேரும். அப்போது கேட்கிறவர்களுக்கு, "பங்குனிக்குப் பிறகு கேளுங்கள்" என்று எழுதிவிட்டு, பெயரையும் போன் நம்பரையும் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். இந்த நோட்டுப் பழக்கம் மணப்பாடு பக்கம் கருவாடு விற்கும் ஒரு தம்பி சொல்லித் தந்தது. டிக்டாக்கில் அவருக்கு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு தடை அறிவித்தது. அதோடு அத்தனை பேரும் போனார்கள். ஒருவர் நம்பர்கூட அவரிடம் இல்லை.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து ஐந்து கிலோ அனுப்பி ஏமாந்ததும் உண்டு. வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொட்டலம் கட்ட வேண்டும், ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேச வேண்டும் என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் முதல் மணி நேரத்தில் சொல்ல வேண்டியவை.

தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் சென்னையில் இந்த மாதிரிப் பயிற்சி நடத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், மூன்று நாள் தங்கி வர எங்கள் பெண்களால் முடியாது. மாவட்டத் தொழில் மையம் வழியாக ஊருக்கு ஊர் அரை நாள் நடத்தினால் போதும். மேடை, மைக் எதுவும் வேண்டாம். அவரவர் போனை அவரவர் கையில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போடுவது, விளம்பரத்துக்கு ஊரைக் குறிப்பது, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிடுவது, இவ்வளவும் தமிழில் சொல்லித் தந்தால் சரி. உங்கள் நாளிதழும் வாரம் ஒரு பத்தியில் இதையே எழுதலாம்.

உடன்குடியில் நடத்தினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நானும் வருகிறேன், காசு வேண்டாம். பங்குனி முதல் ஆடி வரை மட்டும் கூப்பிடாதீர்கள். விடிலியை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஒரு வாசகி,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்