ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய பெட்ரோல் காரில் ‘செக் எஞ்சின்’ விளக்கு அணையாமல் எரிகிறது என்று கேட்டிருந்த வாசகருக்கு, ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என ஒரே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. சில வண்டிகளுக்கு அது பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மன்னார்குடி வட்டாரத்தில் இந்த ஒரு பாகத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதே விளக்கு எரியும் வண்டியோடு திரும்புகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

எஞ்சினுக்கும், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் நடுவே சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கும் இந்தச் சென்சார், வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஜிர்கோனியா வகை. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அது 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற சரியான விகிதத்தில் 0.45 வோல்ட்டைக் கடக்கும். அதைப் படித்து எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருப்பதால், நல்ல சென்சாரின் அளவு ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டரும் உண்டு. பல கார்களில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் ஒன்று இருக்கும். அதன் வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது; அதன் அளவு முன்னதைப் போல ஓடாமல் ஏறக்குறைய நிலையாக நிற்பதுதான் முறை.

எஞ்சின் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் வரும் குறியீட்டு எண்ணைப் படிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பி 0135 என்று வந்தால் முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்று பொருள். அதிலும்கூட ஹீட்டர் எரிந்துபோயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். பி 0171 என்று வந்தாலோ, கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்று சென்சார் பெரும்பாலும் முறையாகவே சொல்கிறது. அப்படிச் சொன்ன சென்சாரையே கழற்றிப் போடுவது, வாய்க்காலில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்காக மதகடியில் இருக்கும் அளவுக் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதைப் போன்றது. வெடித்த வேக்குவம் குழாய் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாய்), சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர், சென்சாருக்கு முன்னால், புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து மேனிபோல்டு கேஸ்கட்டில் உள்ள கசிவு என இந்த எண்ணுக்குக் காரணங்கள் பல. இந்தக் கேஸ்கட் கசிவு வழியாகப் புகை வெளியே போவது மட்டுமல்ல, இரண்டு துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது; அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்துச் சென்சார் ஏமாறுகிறது.

இவற்றுள் மெக்கானிக்குகளையே குழப்புவது ஸ்பார்க் பிளக் கோளாறு. ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழாவிட்டால் பெட்ரோல் எரியாமல் வெளியேறும், வண்டியின் பின்னால் பெட்ரோல் வாடையும் அடிக்கும். ஆனால் அதோடு எரியாத ஆக்சிஜனும் வெளியேறுகிறது. சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டுமே தெரியும் என்பதால் ‘காற்று அதிகம்’ என்று சொல்லும்; கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கூட்டும்; மைலேஜ் இன்னும் விழும். மூக்குக்குப் பெட்ரோல் மிகுதி, ஸ்கேனருக்குப் பெட்ரோல் குறைவு என்று இரண்டும் முரண்பட்டு நிற்கும்போது, முதலில் பிளக்குகளையும், அவற்றுக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலையும் பார்க்க வேண்டுமே தவிர, சென்சார் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நம் டெல்டாவுக்கென்றே உரிய காரணங்களும் உண்டு. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் ஒண்ட இடம் தேடிக் கொட்டகைகளுக்கு வருகின்றன. வயலில் கிட்டி வைத்துப் பிடிப்போமே தவிர, கார் பானட்டுக்குள் யார் வைக்கிறார்கள்? அண்மையில் களத்தை ஒட்டிய கொட்டகையில் நின்ற ஒரு காரைப் பார்த்தேன். மின்னழுத்தம் குறைவு என்னும் பி 0131 வந்து, ஒரு பட்டறையில் சென்சாரை மாற்றிய பிறகும் அதே எண் வந்துகொண்டிருந்தது. கியர்பாக்ஸ் மேலே போகும் ஒயர் கட்டில், சிக்னல் ஒயரின் மேலுறையை எலி கொறித்த பல்தடம் தெளிவாகத் தெரிந்தது. செம்புக் கம்பி இரும்புத் தாங்கியில் உரசிக்கொண்டிருந்தது. சிக்னல் பாடியைத் தொட்டால் அளவு பூஜ்யம், பூஜ்யம் என்றால் கம்ப்யூட்டருக்குக் காற்று மிகுதி, விளைவு கரும்புகை. வண்டிப் பக்கத்து ஒயரை ஒட்டி மேலுறை போட்டதோடு வேலை முடிந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் சைலன்சர் இணைப்புகள் துருப்பிடித்துக் கசிகின்றன. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டிகளின் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. சாலையில் பரப்பிய வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு, பின் சென்சாரின் ஒயரை இழுத்துவிடுவதும் உண்டு. கீழே குனிந்து பார்க்க யாரும் பணம் கேட்பதில்லை என்பதாலோ என்னவோ, யாரும் பார்ப்பதுமில்லை.

சோதனைக்குச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைப் பிரித்து, நான்கு ஒயர்களில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கும் நடுவே ஓம் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவைதான் ஹீட்டர். வண்டிக்கு வண்டி மாறினாலும் பொதுவாகச் சில ஓம்களிலிருந்து இருபது ஓமுக்குள் இருக்கும். தொடர்பே காட்டாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். அளவு சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் எத்தனை சென்சார் மாற்றினாலும் பயனில்லை. சிக்னல் ஒயர்களில் ஓம் அளவு வைக்கவே கூடாது. மீட்டரின் மின்னோட்டமே சென்சாரைக் கெடுத்துவிடலாம். கனெக்டரை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுழற்சியில் பிடித்துக்கொண்டு சிக்னல் வோல்ட்டைப் பார்த்தால், அது 0.2-க்குக் கீழும் 0.7-க்கு மேலுமாக விரைந்து ஓட வேண்டும். ஓடாமல் நின்றால் ஒரு வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள், அளவு விழ வேண்டும்; குழாயை மாட்டிவிட்டு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள், அளவு ஏற வேண்டும். இரண்டுக்கும் உடனே அசைந்தால் சென்சார் நலமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஒயர்களும் நன்றாக இருந்து, அளவு அசையவே இல்லை, அல்லது சோம்பலாக அசைகிறது என்றால் மட்டும் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து இப்போது பரவலாகிவிட்ட நிலையில், இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அந்தக் கலவைக்குத் தேவையான காற்று விகிதம் 14.7-இலிருந்து ஏறக்குறைய 13.5-க்கு இறங்குகிறது. பழைய காரின் கம்ப்யூட்டர் சென்சாரை நம்பிப் பெட்ரோலைக் கூட்டித்தான் இதைச் சமாளிக்கிறது. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, சில விழுக்காடு கூடுதலாகத் தெரிவது இதனாலும் இருக்கலாம். இன்ஜெக்டர் ஏற்கெனவே பாதி அடைத்த வண்டியில் இந்தக் கூடுதல் சுமையும் சேர்ந்தால் பி 0171 வந்துவிடக்கூடும். அதற்கும் சென்சாருக்கும் சம்பந்தமில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பழைய சென்சாரின் முனையைப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள். கரிப் படிவு பெட்ரோல் மிகுதியையும், வெள்ளைப் படிவு சிலிக்கான் சீலண்ட்டையோ எஞ்சினுக்குள் கசியும் கூலண்ட்டையோ காட்டும். அந்தக் காரணத்தைக் களையாவிட்டால் புதிய சென்சாரும் அதே கதிக்கு ஆளாகும். இந்தச் சென்சார்களில் பலவும் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் வழியாகவே உள்ளே எடுத்துக்கொள்கின்றன. கனெக்டரில் கிரீஸ் தடவுவதும் சென்சாரின் சொந்த ஒயரை வெட்டிச் சால்டர் வைப்பதும் அந்த வழியை அடைத்துவிடலாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துக் கொடுப்பதைச் சிலர் பழுதுபார்ப்பு என்கிறார்கள். கம்ப்யூட்டர் சேர்த்து வைத்த தடயங்கள் எல்லாம் அதில் அழிந்துபோகும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் விளக்கு மறுபடியும் எரியும். பின் சென்சாருக்கு அடியில் நீட்டிப்பு வைத்து, அதைப் புகையோட்டத்திலிருந்து தள்ளி நிறுத்திக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது அதைவிட மோசம்; கெட்டுப்போன கன்வெர்ட்டரோடு வண்டி ஊருக்குள் ஓடுவதற்கு அது வழிசெய்கிறது.

ஆகவே பட்டறை உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள்: சென்சார் மாற்றினால், வந்த குறியீட்டு எண்ணையும் ஹீட்டரின் ஓம் அளவையும் சிக்னல் வோல்ட்டையும் பில்லில் எழுதி, பழைய பாகத்தையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். புகைச் சான்று மையங்களில், பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு உயர் சுழற்சியில் எடுக்கப்படும் லாம்டா அளவு (கலவையில் உள்ள காற்று, சரியான விகிதத்துக்கு எத்தனை மடங்கு என்பது) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தாளில் அச்சடித்துத் தருவதோடு நிறுத்தாமல், எல்லையை ஒட்டி இருந்தால் வண்டிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டெல்டா மாவட்டங்களில் ஆட்டோமொபைல் பிரிவு உள்ள ஐ.டி.ஐ.-களும் பாலிடெக்னிக்குகளும், பருவமழை முடிந்து பொங்கலுக்கு முன்பாக ஒருநாள் சோதனை முகாம் நடத்த முன்வந்தால் மாணவர்களுக்கும் நிஜ வண்டியில் கைப்பழக்கம் கிடைக்கும். அப்படிப்பட்ட முகாமுக்கு, என்னிடமுள்ள ஸ்கேனரோடும் மீட்டரோடும் வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மன்னார்குடி