அப்பாவின் தலைசுற்றல் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் ராஜிக்கு ஒரே சந்தோஷம். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், மாடியில் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறாள். எனக்கு லேப் வேலை வழக்கம்போல ஓடுகிறது.

அப்பா விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்து அப்படியே சரிந்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதை அரிக்கிறது. உட்கார வைத்து பிரஷர் பார்த்து, நார்மல் என்று அனுப்பிவிட்டார்களாம். அப்படிப் பார்த்தால், எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவது பிடிபடாமல் போகலாம். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் கவனிக்க வேண்டியதுதான். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். உடனே ரத்தக் குழாய்கள் இறுகி அதை ஈடுகட்டும். வயதானால் அந்த வேகம் குறைகிறது.

நிற்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைவது ஸ்கேனில் தெரியுமா என்று கேட்டிருந்தாய். தெரியும். காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிந்திருக்கும். அங்கே ஜெல் தடவி, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகம் திரையில் அலையாக ஓடும். 1982இல் ரூன் ஆஸ்லிட் குழுவினர் காட்டிய வழி இது. லேபில் நோயாளியைச் சாய்வு மேசையில் கட்டி மெல்ல நிமிர்த்துவோம். மயக்கம் வரப்போகிறவருக்கு அலையின் உச்சி ஓரளவு நிற்கும், அடிப்பகுதி மட்டும் தாழ்ந்துகொண்டே வரும். அதைப் பார்த்ததும் மேசையைப் படுக்க வைக்கத் தயாராகிவிடுவேன். சில முதியவர்களுக்கு எலும்பு தடித்திருப்பதால் ஒலி உள்ளேயே போகாது.

கழுத்து ரத்தக் குழாய்களிலும் இப்படிப் பார்க்கலாம். 2020இல் நெதர்லாந்தில், நாள்பட்ட களைப்பு நோயாளிகளை அப்படி நிமிர்த்திப் பார்த்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சராசரியாக 26 சதவீதம் குறைந்தது, நலமாக இருந்தவர்களுக்கு 7 சதவீதம்தான். பிரஷரும் நாடித்துடிப்பும் சரியாக இருந்தவர்களுக்கும்கூட அப்படிக் குறைந்திருந்தது! எத்தனை பேரிடம் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பியிருப்பார்களோ.

ஆனால் அப்பாவுக்கு முதலில் ஸ்கேன் வேண்டாம். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்க்கச் சொல். புரோஸ்டேட் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தாலே இப்படி ஆகலாம். நீயாக எதையும் நிறுத்திவிடாதே, மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு, எங்கள் டாக்டரிடம் காட்டுகிறேன். அதுவரை ராத்திரியில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும், பக்கத்தில் நீ இரு.

அன்புடன்,
குமரேசன்