முப்பத்தொன்றாவது தொடக்கம்

கோத்தகிரி,
நவம்பர் 18, 2025.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை விட்டபாடில்லை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. கீழ்த்தோட்டத்துத் தடுப்புச் சுவர் நன்றாகவே நிற்கிறது, 2009ஆம் ஆண்டைப் போல இல்லை, ஆகையால் அதை நினைத்து நீ கவலைப்பட வேண்டாம். மற்றச் செய்திகளை நீ அழைக்கும்போது அம்மா சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு விளையாட்டைப் பற்றித்தான். அதைத் தவிர வேறெதையும் இந்தக் கடிதத்தில் கேட்பதாக இல்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி பேசியபோது, ஒரு தேசத்தை நிறுவி வளர்க்கும் சிவிலைசேஷன் என்ற கணிப்பொறி விளையாட்டில் நல்ல தொடக்க இடமே அமையவில்லை என்றும், முப்பது தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்துவிட்டு, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். இன்றோடு நாற்பது நாட்கள் ஆகின்றன, அந்த முப்பது என்ற எண் என்னை விட்டுப் போகவில்லை. முப்பது தடவை ஒரு தேசத்தைத் தொடங்கி, இரண்டாவது நகரம் எழும்புவதற்கு முன்பே அதைக் கைவிட்டவனுக்கு, முப்பத்தொன்றாவதில் என்ன கிடைத்தால் போதும் என்றாவது தெரிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இதைச் சொல்வதற்கு நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. உன் பழைய கணிப்பொறியில் நீ விட்டுச் சென்ற அதன் ஐந்தாம் பாகத்தை ஓய்வுக்குப் பிறகு நான் ஆடக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். முன்பு சேமித்து வைத்த இடத்துக்கே ஆட்டத்தைத் திருப்பி, நானும் ரீலோடு செய்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் பேரேடு எழுதிய கை சும்மா இருப்பதில்லை என்பதால், அதற்கும் ஒரு நோட்டுப் போட்டு, தேதி, சுற்று, காரணம் என்று மூன்று பத்திகள் வரைந்து வைத்திருக்கிறேன். சென்ற ஆட்டத்தில் மட்டும் 23 தடவை. அவற்றில் 9 மின்வெட்டினால் நேர்ந்தவை. அந்த விளையாட்டு பத்துச் சுற்றுக்கு ஒரு தடவைதான் தானாகச் சேமித்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு மின்வெட்டிலும் சில நூற்றாண்டுகள் போய்விடுகின்றன. 3 தடவை கை தவறி எங்கோ அழுத்திவிட்டேன். மீதிப் பதினொன்றுக்கும் காரணப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? நகரம் போயிற்று, பார்க்கப் பொறுக்கவில்லை.

மின்வெட்டுக்கும் கை தவறியதற்கும் ரீலோடு செய்வதில் ஒரு குற்றமும் இல்லை என்பதே என் எண்ணம். இன்னொரு வகையையும் நான் ஒப்புக்கொள்வேன்: ஒரு முற்றுகையில் எங்கே பிசகியது என்று தெரிந்துகொள்வதற்காகப் பழைய சேவ் கோப்பைத் திறந்து, வில்லாளர்களை மலைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிப் பார்த்துவிட்டு, பிறகு தோற்ற ஆட்டத்துக்கே திரும்பி வந்து அதிலிருந்து தொடர்வது. சதுரங்கம் ஆடுகிறவர்களும் ஆட்டம் முடிந்த பிறகு அப்படித்தான் காய்களை மறுபடி அடுக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் முடிவுத்தாளில் எழுதிய எண்ணை யாரும் மாற்றுவதில்லை. தோல்வியை மாற்றுவதற்காக ரீலோடு செய்வதற்குச் சேவ் ஸ்கம்மிங் என்று நீங்கள் வைத்திருக்கும் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கம் என்றால் கசடு. தோல்வியைத் தாங்க முடியாத ஒருவனை அவ்வளவு கடுமையாக ஏச வேண்டியதில்லை.

அப்படியே ஏமாற்றப் பார்த்தாலும் அந்த விளையாட்டு எளிதில் விடுவதில்லை என்று எனக்குக் காட்டியவனே நீதான். ரீலோடு செய்துவிட்டு அதே வரிசையில் அதே தாக்குதலைச் செய்தால் அதே முடிவுதான் வரும், ஏனென்றால் இனி விழப்போகும் தாயத்தின் கணக்கும் சேவ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது என்றாய். வேறு முடிவு வேண்டுமென்றால் ஆட்டத்தைத் தொடங்கும்போதே அதற்கான ஒரு தெரிவை இட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் வேறொரு படையை நகர்த்திக் கணக்கை மாற்ற வேண்டும். வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் எக்ஸ்காம் விளையாட்டிலும் அதே கதைதான். 2013இல் வந்த அதன் விரிவாக்கத்தில், ரீலோடு செய்யும்போதெல்லாம் புதுக் கணக்கு வரும்படியான ஒரு தெரிவையே சேர்த்து, அதற்கு அந்தக் கசட்டுப் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று நீ சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. தாயம் என்றதும் உன் அப்பத்தாவின் நினைவு வருகிறது. தாயம் விழும்வரை காயைக் கட்டத்துக்குள் இறக்க முடியாது என்ற ஆட்டத்தில், மற்றவர்கள் எல்லாம் பாதி சுற்றி வந்துவிட்ட பிறகும், வெற்றிலையை மென்றுகொண்டு, தன் முறை வரும்போது மட்டும் கட்டையை உருட்டிக்கொண்டு எத்தனை மாலைகள் உட்கார்ந்திருந்தாள்! முதலிலிருந்து ஆடலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

எக்ஸ்காமைப் பற்றி எழுத வந்துவிட்டு வேறெங்கோ போகிறேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில், ஒரே ஒரு சேவ் மட்டும் இருக்கும், பின்வாங்க வழியே இல்லை என்ற அயர்ன்மேன் முறையில் நீ அதை முழுவதும் ஆடி முடித்தாய். வீரர்களுக்கு நம் வீட்டார் பெயர்களை எல்லாம் வைத்திருந்தாய். அக்காதான் தொலைவிலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவள். எனக்கு மருந்துப் பை தூக்குகிற வேலை. நான் செத்துப்போன அன்று மேசையிலிருந்து எழுந்து வந்து, "அப்பா, நீங்க செத்துட்டீங்க" என்று சொன்னாய், உன் கண் கலங்கியிருந்தது. மூன்று நாட்கள் கணிப்பொறிப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் உட்கார்ந்து தொடர்ந்தாய். அந்தப் பாசறையில் இறந்தவர்களுக்கென்று ஒரு நினைவுச் சுவர் உண்டே, அதில் கடைசி வரைக்கும் என் பெயர் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். என்ன சொல்கிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. அப்பனைப் புதைத்துவிட்டு ஆட்டத்தை முடித்த அந்தப் பிள்ளை, இன்று முதல் சுற்றில் ஆறு இல்லை, கோதுமை இல்லை என்று முப்பது தேசங்களைக் கலைத்துவிட்டேன் என்கிறான்.

ரீலோடு செய்வதைவிட ரீஸ்டார்ட் செய்வது எனக்கு அதிகக் கவலை தருகிறது. ரீலோடு செய்கிறவன் தோற்கிற அளவுக்காவது ஆடியிருக்கிறான். தொடக்கத்தையே மாற்றிக்கொண்டிருப்பவனுக்கு முதல் இருபது சுற்று மட்டும் தலைகீழாகப் பாடமாகும்; நடு ஆட்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இந்த மழைக்கு முன் எனக்கு அமைந்த இடத்தைக் கேள்: துருவத்தை ஒட்டிய உறைநிலம், இரண்டு இடத்தில் மான், ஒரு குன்று, வேறொன்றும் இல்லை. பக்கத்தில் வேறு காந்தி. அந்த ஐந்தாம் பாகத்தில் அணுகுண்டை எடுக்க அவர் தயங்கவே மாட்டார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரீஸ்டார்ட் பொத்தான்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகட்டும் என்று நகரத்தை நிறுவினேன். பாதி ஆட்டம் வரை கடைசி இடம்தான். பிறகு உயிரியலைக் கற்ற சுற்றில், ஒன்றுக்கும் ஆகாது என்று நான் திட்டிக்கொண்டிருந்த அந்த உறைநிலத்தில் மூன்று இடங்களில் எண்ணெய் தெரிந்தது. முதல் சுற்றில் அதைக் காட்டவே மாட்டார்கள் அல்லவா? ஆனாலும் தோற்றேன், சயாம்காரர் விண்கலத்தை அனுப்பி வென்றுவிட்டார். அந்த ஆட்டத்துக்கு நோட்டில் ரீலோடு என்ற பதிவு மின்வெட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஊட்டி கிளப்பில் 1882இல் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட ஸ்னூக்கரில் இப்போது ஒரு விதி உண்டு. அடிக்க வேண்டிய பந்தைத் தொடாமல் தவறவிட்டதை மிஸ் என்று நடுவர் அறிவித்துவிட்டால், பந்துகளை எல்லாம் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அடிக்கச் செய்யலாம். ஆனால் அப்படி வைக்கச் சொல்லும் உரிமை தவறியவனுக்கு இல்லை, எதிராளிக்குத்தான். தனியாக உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு எதிராளியும் இல்லை, நடுவரும் இல்லை. அதனால்தான் ஒரு நோட்டாவது வைத்துக்கொள் என்கிறேன். சாப்பாட்டையும் வேளைக்குச் சாப்பிடு.

இனி எழுதப் போவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். விளையாட்டுகளை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் எனக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, நண்பர் பட்டியலில் உன் ஒருவன் பெயரை மட்டும் சேர்த்துவிட்டுப் போனவன் நீ. அந்தப் பட்டியலில் யார் எப்போது ஆடுகிறார் என்று பச்சை எழுத்தில் தெரியும் என்பதும், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை மணி நேரம் என்று அவரவர் விவரப் பக்கத்தில் எழுதியிருக்கும் என்பதும் உனக்கு மறந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் பெயர் பச்சையாக இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்கும் இருக்கிறது. இரண்டு வாரங்களில் 92 மணி நேரம். பதினான்கால் வகுத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை; விடுப்பாக இருக்கலாம், வீட்டிலிருந்தே வேலை செய்வதாக இருக்கலாம், வேலையில் சேர்ந்து இது மூன்றாவது நிறுவனம் என்பதையும் நான் நினைவூட்டவில்லை.

திட்டுவதற்கும் எனக்கு வாய் இல்லை, தம்பி. நேற்று இரவு மின்சாரம் போனபோது இருட்டில் உட்கார்ந்து, உனக்கு ரீஸ்டார்ட் செய்யக் கற்றுக் கொடுத்தது யார் என்று யோசித்தேன். 2017, தமிழ்நாட்டில் நீட் மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் என்றான முதல் ஆண்டு. உனக்கு நீட்டில் போதவில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட வைத்தவன் நான். இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, பேருந்து மலையேறத் தொடங்கி, பாக்குத் தோப்புகள் கீழே போனபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இதையே ஆடிப் பாத்திருக்கலாம்ப்பா" என்றாய். விளையாட்டுப் புத்தி என்று கடிந்துகொண்டு, தப்பாகப் போன பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதலாம், ஒரு வருடம் ஒன்றும் பெரிதில்லை என்று நான் சொன்னேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்ததில்லை. கிழிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. தவறான எண்ணின் மேல் படிக்கும்படியாக ஒரு கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும், பெரிய தவறென்றால் எதிர்ப்பதிவு போட வேண்டும் என்று எத்தனை இளம் குமாஸ்தாக்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் பக்கத்தை மட்டும் மூன்று தடவை கிழித்தேன்: 2017, 2018, 2019. மூன்றாம் தடவை தேர்வு மையத்தின் வாசலில் நீ என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாய். அதன் பிறகு கணிப்பொறிப் படிப்பில் சேர்ந்தபோது, நீ என்ன விரும்புகிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உனக்கு நல்லது செய்வதாகவே அன்று நினைத்தேன். தொழிற்சாலையில் மற்றவர்களின் பிள்ளைகள் மருத்துவம் சேர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. என் நோட்டில் காரணம் எழுதாமல் விட்ட பதினொன்றோடு இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு கவாத்து செய்த பாத்தி இப்போது நன்றாகத் துளிர்த்திருக்கிறது. நீ பார்த்தால் நம்ப மாட்டாய். வர்க்கி வாங்கி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் கூரியரில் அனுப்புகிறேன்.

பகல் பதினொரு மணிக்கு அழைத்தாலும் எடுப்பேன். அந்த நேரத்தில் எப்படி என்று கேட்க மாட்டேன். அழைக்கத் தோன்றாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஐந்தாம் பாகத்தில் இருவர் ஆடும் ஆட்டம் ஒன்றைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். எந்த இடம் அமைந்தாலும் அங்கேயே நகரத்தை நிறுவிவிடலாம். நான் மெதுவாகத்தான் ஆடுவேன், மின்சாரமும் போய்ப் போய் வரும், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அப்பா