ராகிக்களிக்கு மாறினால் மட்டும் நாய் மெலியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்லப்பிராணிகள் பக்கத்தில் சென்ற வாரம் குண்டு நாய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடைப்பயிற்சியைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள், நல்லது. ஆனால் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான்: அரிசிச் சோற்றை நிறுத்தி ராகிக்களி போட வேண்டுமாம். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஏற்கெனவே பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பத்திரிகையிலும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி இருக்கிறது. அரிசியில் 350. வித்தியாசம் அவ்வளவுதான். ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் களி உருண்டைக்கு ஏது அளவு? ஒரு வீட்டு உருண்டை இன்னொரு வீட்டில் இரண்டாகும். அதன்மேல் எண்ணெய் மிதக்கும் கோழிக்குழம்பு வேறு. குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே கெடுக்கக்கூடியவை.

உதாரணத்துக்கு, 40 கிலோ லாப்ரடார் ஒன்றை 30 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு மொத்தமே சுமார் 900 கலோரியில் தொடங்கலாம். இது 40 கிலோவுக்கு அல்ல, 30 கிலோவுக்குப் போடும் கணக்கு. இதில் தின்பண்டத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரி. சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றே ஏறக்குறைய 20 கலோரி வரும். தாத்தா டீயில் நனைத்து இரண்டு, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்று, முடிந்தது கணக்கு. எண்ணெயில் பொரித்த நிப்பட்டு (தட்டை) போடுகிற வீடுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை! நடைக்கும் இதே கணக்குதான். 30 கிலோ நாய் 3 கிலோமீட்டர் நடந்தால் 100 கலோரி அளவில்தான் செலவாகும். அந்த ஐந்து பிஸ்கட்டோடு அது சரியாகப் போய்விடும்.

ஆகவே மாவை வேகவைப்பதற்கு முன்பே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நாய்க்குப் போடுவது வீட்டில் ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும். பசிக்கிற மாதிரி பார்த்தால் உப்புப் போடாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணி கொடுக்கலாம். மாம்பழ சீசனில் தோப்பு வீட்டு நாய்கள் உதிர்ந்த பழத்தைத் தின்றே ஊதிவிடும். அதையும் கணக்கில் சேருங்கள். கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

அதற்காக ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்துவிடவும் கூடாது. களியை மட்டும் குறைத்துப் போட்டால் புரதம் போதாமல் சதைதான் கரையும். முட்டையோ தோல் நீக்கிய கோழியோ அந்த 900 கலோரிக்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும், 40 கிலோ நாய்க்கு அது 400 முதல் 800 கிராம். அளவாகப் போட்டும் குறையவில்லை என்றால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

எடை பார்க்க எங்கே போவது என்று கேட்பவர்கள் உண்டு. மாங்காய் மண்டியிலோ தீவனக் கடையிலோ மேடைத் தராசு இருக்கிறது. சும்மா ஏற்றி நிறுத்தினால் ஆயிற்று. கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அடுத்த முறை எழுதும்போது, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் நாய், தட்டுப்படாத நாய் என்று இரண்டு படங்களைப் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்பதையும் அதில் காட்டலாம். தம் நாய் குண்டு என்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் இங்கே அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.