எல்லா நெஞ்சு வலிக்கும் ஆஞ்சியோகிராமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரே மாதிரி நெஞ்சு வலிக்கு ஒரு மருத்துவர் நேராக ஆஞ்சியோகிராம் (இதயத் தமனிகளில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் படம்) என்கிறார். இன்னொருவர் முதலில் டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை என்கிறார். பினாங்கில் நோயாளிகள் குழம்புவது இங்கேதான்.

ஓய்விலும் வலி விடாமல், இசிஜி மாறி, ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் வெளிவரும் புரதம்) ஏறினால் ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடவே கூடாது. நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் வலி வேறு. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் இத்தகைய நிலையான நோயுள்ள 5,179 பேர் இருந்தனர். மருந்தோடு தொடங்கியவர்களைவிட, உடனே ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைச் சரிசெய்தவர்களுக்கு உயிரிழப்போ மாரடைப்போ குறையவில்லை. வலி குறைந்தது என்னவோ உண்மை. இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கே தனி.

படத்தைப் பார்த்து ‘60 விழுக்காடு அடைப்பு’ என்பது பெரும்பாலும் கண்மதிப்புதான். இருவர் பார்த்தால் இரண்டு எண் வரும். நடுத்தர அடைப்புக்கு அழுத்தமானிக் கம்பியைச் செலுத்தி எஃப்.எஃப்.ஆர். (அடைப்புக்கு முன்னுள்ள ரத்த அழுத்தத்தில் அதற்கு அப்பால் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விகிதம்) அளக்கலாம், 0.80க்கு மேல் என்றால் பொதுவாக ஸ்டென்ட் (தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வேண்டாம். அளந்தார்களா என்று கேட்பவர்தான் குறைவு.

நீரிழிவுக்காரர்கள் மெட்ஃபோர்மின் எடுப்பதை முன்பே சொல்லி, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

இதயப் பரிசோதனைப் பிரிவுத் தாதியர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு